முன்னால் இருந்த துண்டு

எல்லைக்கு இந்தப் பக்கம் கெலாங் பாத்தாவில், காலை சிங்கப்பூர் பஸ்ஸுக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவள் ஃபேக்டரி சட்டையில் இருந்தாள். இளையவள் சிங்கப்பூரில் ஏதோ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"பாதி செய்யும்போதே தூக்கிட்டுப் போயிரணும்கா," என்றாள் அவள்.

"எதை?"

"பாக்டீரியா செய்ற புரோட்டீனை. அதுக்கு முன்னாடி ஒரு துண்டு இருக்கும், அட்ரஸ் மாதிரி. புரோட்டீன் செய்ற மெஷின்லருந்து அது வெளிய தலைகாட்டுனதுமே அதுக்குன்னு ஒரு ஆளு வந்து புடிச்சு, செல்லைச் சுத்தியிருக்கிற சவ்வுக்குக் கூட்டிட்டுப் போவான். அந்தத் துண்டு தேவையில்லன்னு நெனச்சு நான் ஜீன்லயே வெட்டிட்டேன்."

"வெட்டுனா?"

"எங்க போறதுன்னு தெரியாம உள்ளயே கட்டிதட்டிக் கிடக்குது. ஆறு மாச வேலை போச்சு."

"அலமாக், ஐயையோ. பாஸ் என்ன சொன்னாரு?"

"நேத்தோட என்னை வேலைய விட்டு நிப்பாட்டிட்டாரு."

பஸ் வந்து நின்றது.

"வீட்டுல சொன்னியா?"

"இல்லக்கா."

"அப்புறம் அங்க இறங்கி எங்க போவ?"

இளையவள் பஸ்ஸில் ஏறினாள். கழுத்தில் ஆபீஸ் நாடா தொங்கியது. அதில் அட்டை இல்லை.