பெல்லை அடித்தவள்

தம்புள்ளையிலிருந்து சீகிரியா போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் மலையகத் தோட்டத்துப் பெண்கள் இருவர். ஒருத்திக்கு ஹோட்டலில் இன்டர்வியூ. மற்றவள் துணைக்கு வந்த கூட்டாளி. பாதி வழியில் இன்டர்வியூக்காரி எழுந்து, இறங்குவதற்கு பெல்லை அடித்துவிட்டாள்.

"ஏன்டி?"

"ஐ'ம் கெட்டிங் கோல்ட் ஃபீட்."

"அப்புடின்னா?"

"துணிஞ்சு கெளம்பிட்டு, கடைசி நேரத்துல பயந்து பின்வாங்குறோம்ல, அதுக்கு அப்புடித்தான் சொல்லுவாங்க. பாம்பக் கண்டு பயந்தா சொல்லக்கூடாது. நாமளே ஒத்துக்கிட்ட வேலை, கல்யாணம், அந்த மாதிரி விஷயத்துக்குத்தான்."

கூட்டாளி அவளையே பார்த்தாள். "பயத்தக்கூட இம்புட்டு வெவரமா இங்கிலீஷ்ல சொல்ற. ஒனக்குத் தராம வேற யாருக்குடி அந்த வேலையத் தருவாங்க?"

பஸ் நின்றது. யார் இறங்குவது என்று கண்டக்டர் சத்தம் போட்டார்.

"யாரும் இல்லண்ணே, போங்க," என்றாள் பெல்லை அடித்தவள்.