கை மட்டும் தெரிந்த படம்

போதுமான காலம் வாய்மூடி இருந்துவிட்டேன். இனி பேசுகிறேன்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் என் தனிமை அவர்களே! முன்வரிசையில் முறையாக அமர்ந்திருக்கும் காலி நாற்காலிகளே! வயதிலும் அறிவிலும் மூத்த பெரியோர்களே! பிள்ளைகளைக் கண்காணாத தேசத்துக்கு அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் கையைவிட்டு இறக்காத தாய்மார்களே! பார்த்த மாத்திரத்தில் பகிர்ந்துவிட்டுப் பிறகு நிதானமாகப் படிக்கும் பாசத்துக்குரிய இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

சிரிக்க வேண்டாம். நம் ஊர்ச் சங்கத்தின் மேடையில் என் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். ஆகவே என் சாப்பாட்டு மேசையே இன்று மேடை. கழுவாத தட்டு ஒன்று ஓரத்தில் இருக்கிறது. அதைப் பொன்னாடையாக எண்ணிக்கொள்கிறேன்.

கடலுக்கு அப்பால் ஒரு தேசத்தில் மக்கள் வீதிக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் என்ன கேட்கிறார்கள்? பொன்னா? பொருளா? பதவியா? போட்ட ஓட்டை எண்ணுங்கள் என்கிறார்கள். எண்ணியதை மறைக்காமல் சொல்லுங்கள் என்கிறார்கள். இவ்வளவுதான் கேட்டார்கள். இதற்குத்தான் தடியடி, இதற்குத்தான் சிறை.

அந்த ஊரில் என் தங்கை பேருந்து ஓட்டுகிறாள். எனக்கு அவளைத் தவிர யாருமில்லை; அவளுக்கும் அப்படியே. ஒருநாள் ஊர்வலத்தை இருபுறமும் அடைத்துக்கொண்டு காவலர்கள் நெருங்கினார்கள். இவள் பேருந்தைச் சாலையின் குறுக்கே நிறுத்தினாள். முன்கதவைத் திறந்தாள். மறுபக்கத்து அவசரக் கதவையும் திறந்தாள். இந்தப் பக்கம் ஏறியவர்கள் அந்தப் பக்கம் குதித்துச் சந்துகளுக்குள் ஓடினார்கள். கிழவர்கள் ஓடினார்கள், கர்ப்பிணி ஓடினாள், மண்டை உடைந்தவனை இருவர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசி ஆள் இறங்கும்வரை அவள் இருக்கையைவிட்டு எழவில்லை.

உள்ளே இருந்த ஒருவர் படம் எடுத்தார். அந்தப் போராட்டக்காரர்களுக்குப் படம் எடுப்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. முகம் வெளியே போகக் கூடாது. கடைப் பலகையோ வண்டி எண்ணோ தெரியக் கூடாது. எல்லோரும் வீடு சேர்ந்தபின்தான் படம் வெளியாக வேண்டும். அப்படித்தான் அந்தப் படம் வந்தது: ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் ஒரு கை, பின்னால் நிழல் நிழலாக மனிதர்கள். அந்தக் கையை உலகம் பார்த்தது. அது யார் கை என்று உலகம் கேட்கவில்லை. கேட்டது யார்? நம் சங்கம் கேட்டது!

என் தங்கை தன் பள்ளித்தோழியிடம் மட்டும், தொலைபேசியில், "அது என் கைதான்டி" என்று சொல்லியிருக்கிறாள். அந்தத் தோழி நம் செயலாளரின் மனைவி. பெருமை தாங்காமல் கணவரிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் டயர் கடைக்கு மேலே, நடக்கும்போதெல்லாம் பலகைத்தரை முனகும் நம் சங்க அறையில், செயலாளர் என் தோளில் கைபோட்டார்.

"சார், உங்க தங்கச்சியோட நல்ல படம் ஒண்ணு குடுங்க. கௌரவப்படுத்தணும்."

"ஒண்ணும் வேணாம். அவளைப் பத்தி வாயே திறக்காதீங்க. அதுதான் பெரிய கௌரவம்."

"யாரு பேர் வாங்கினாலும் உங்களுக்குப் பொறுக்காது. சொந்தத் தங்கச்சியையுமா சார்?"

பொருளாளர் குரல் கொடுத்தார்: "சாருக்கு டீயில சர்க்கரை கூடப் போடுங்கப்பா. இன்னைக்காவது இனிப்பாப் பேசட்டும்."

அறையே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்திருக்கலாம். எனக்கு அது வராது. அந்த அறையில் என்னைக் கசப்பன் என்று அழைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

என்ன செய்தார்கள் தெரியுமா? தோழியின் பழைய படம் ஒன்றிலிருந்து என் தங்கையின் முகத்தை வெட்டி எடுத்தார்கள். அந்தக் கையோடு ஒட்டினார்கள். பெயரைப் போட்டார்கள், பட்டம் போட்டார்கள், பணிமனையைப் போட்டார்கள். ‘அந்த வீரக் கை இந்த வீராங்கனையுடையதே! பகிர்ந்து பெருமை சேர்ப்பீர்!' என்று எழுதினார்கள். கீழே செயலாளரின் படம், கைகூப்பிய நிலையில், அவள் முகத்தைவிடச் சற்றே பெரிதாக.

பகிர்ந்தீர்கள் ஐயா, பகிர்ந்தீர்கள்! பாசத்தோடு பகிர்ந்தீர்கள், பரவசத்தோடு பகிர்ந்தீர்கள், பல் தேய்த்துக்கொண்டே பகிர்ந்தீர்கள்! கடல் கடந்து, அது அவள் வேலை செய்யும் பணிமனை மேலாளரின் மேசைக்கே போய்ச் சேர்ந்தது.

என் தங்கை அழைத்தாள். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அங்கே சமைப்பாள், நான் இங்கே சமைப்பேன், இரண்டு பேரும் கைப்பேசியை அடுப்பருகே வைத்துவிட்டுப் பேசுவோம். அன்று தெருச்சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணா, யாரு போட்டது?"

"நல்லவங்கதான்மா. ஒரு ஆர்வத்துல..."

"நல்லவங்களா? அவங்கள கொஞ்ச நாளைக்குக் கெட்டவங்களா இருக்கச் சொல்லேன், புண்ணியமாப் போகும்."

"மேனேஜர் என்ன கேட்டான்?"

"‘இது நீதானே'ன்னான். ‘வெளிநாட்டுல யாரோ வேலையில்லாதவங்க என் மூஞ்சிய ஒட்டியிருக்காங்க'ன்னேன். பாதி நம்பியிருக்கான். மீதியும் நம்புறவரைக்கும் நான் வீட்டுல இருக்க மாட்டேன்."

"எங்க இருப்பே?"

"கேக்காதே. நானாக் கூப்பிடுறவரைக்கும் கூப்பிடவும் கூப்பிடாதே. சாப்பிட்டியா?"

"ம்."

"பொய். சரி, வைக்கிறேன்."

அதன்பின் அழைப்பில்லை. இன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். கைப்பேசி அடுப்பருகே இருக்கிறது. அடுப்பு எரியவில்லை.

அவளுக்கு இன்றிருக்கும் ஒரே கவசம், அந்தப் படம் பொய்யாக இருக்கலாம் என்ற சந்தேகம்தான். அந்தக் கவசத்தைக் காப்பாற்றத்தான் சங்கம் நடத்திய ஆதரவுக் கூட்டத்துக்குப் போனேன். எழுந்து, "அந்தப் படத்தை எடுத்துடுங்க" என்றேன். ஒலிபெருக்கி செத்தது. வெறும் தொண்டையோடு நின்றேன்.

"எடுத்தா ஆதரவை வாபஸ் வாங்கின மாதிரி ஆயிடும் சார். உலகமே பார்க்குது!" என்றார் செயலாளர்.

"அதான்யா என் பயமே. அந்த ஊர்ப் போலீசும் அந்த உலகத்துலதான்யா இருக்கு!"

மறுநாள் பெரிய மனது பண்ணி அவள் கண்களுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டார்கள். பெயரை அப்படியே விட்டுவிட்டார்கள். இந்த அறிவை எந்தத் தராசில் நிறுப்பது?

பின்வரிசையில் ஒருவர் கேட்பது என் காதில் விழுகிறது: "அப்படியானால் பேசாமலே இருந்துவிடலாமா?" ஐயா, உட்காருங்கள். பேசுங்கள்! உரக்கப் பேசுங்கள்! நாம் மௌனமாக இருந்தால் சிறைக் கதவுகள் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். ஆனால் போராடுபவர்கள் தாங்களே வெளியிட்டதைப் பேசுங்கள். அவர்கள் மறைத்ததை நீங்கள் தோண்டாதீர்கள். கோரிக்கையைப் பரப்புங்கள், கோரியவரின் முகவரியை ஏன் பரப்புகிறீர்கள்? ஒரு படம் வந்தால் விரலை ஒரு நிமிடம் அடக்குங்கள். இது எங்கிருந்து வந்தது? இதில் யார் தெரிகிறார்? அவர் சம்மதித்தாரா? கூடியிருக்கும் இடத்தை, அவர்கள் கலையும் முன்னே கூவிச் சொல்லிவிடுகிறோமா? சென்ற வருடத்துப் படத்தை இன்றைய படம் என்று அனுப்பிவிட்டால், நாளை உண்மைப் படத்தையும் ஊர் நம்பாதே, அதை யோசித்தீர்களா?

நம் ஆட்சியாளர்களின் சமூக வலைப்பக்கங்களுக்குப் போய்க் கேளுங்கள்: ஓட்டை எண்ணச் சொல்லி நீங்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று. இன்று கேளுங்கள், நாளை கேளுங்கள், செய்தித்தாள்கள் அந்தப் போராட்டக்காரர்களை மறந்துபோன பிறகும் கேளுங்கள்! அவர்கள் தேடுவது மாலையை அல்ல ஐயா, மறைவிடத்தை. உங்கள் பக்கம் அவர்களுக்கு மறைவிடமாகட்டும்; அவர்களைக் காட்டிக்கொடுக்கும் விளக்காக வேண்டாம். எங்கே ஒரு வீரரின் முகம் போட்ட வாழ்த்துப் படம் உங்கள் பக்கத்தில் இருந்தாலும், யாருடையது என்று கேட்காமல் இன்றே இறக்குங்கள். இறக்கியதை அறிவிக்காதீர்கள். ‘பாவம், பிடிபட்டுவிட்டாரா' என்று விசாரிக்காதீர்கள். சத்தமில்லாமல் ஒரு உயிருக்கு உதவி செய்ய நமக்குத் தெரியாதா? கைத்தட்டல் இல்லாவிட்டால் நமக்குக் கருணை வராதா?

பொறுமையாகக் கேட்ட நாற்காலிகளுக்கும், படித்த உங்களுக்கும் நன்றி. விழித்திருக்கும் எல்லா வீடுகளுக்கும் என் வணக்கம்.

இந்த உரையின் முதல் வடிவில் செயலாளரின் பெயர் இருந்தது. சங்கத்தின் பெயர் இருந்தது. சங்கத் தேர்தலில் என்னைத் தோற்கடித்த கதையிலிருந்து டீயில் போட்ட சர்க்கரைவரை எல்லாம் இருந்தது. எழுதும்போது எத்தனை சுகமாக இருந்தது தெரியுமா! பிறகு மீண்டும் படித்தேன், பணிமனை மேலாளர் படிப்பதைப் போல. செயலாளரின் பெயரைப் பிடித்தால் அந்தப் படம் கிடைக்கும். படம் கிடைத்தால் அவள் முகம் கிடைக்கும். பெயரை அழித்தேன். அழிக்க மனம் வரவில்லை, விரல் அழித்தது. ஊரையும் தொழிலையும் கொஞ்சம் கலைத்துப் போட்டிருக்கிறேன். அவள் ஓட்டுவது பேருந்துதானா என்று கேட்காதீர்கள்.

மிச்சம் இருந்தது என் பெயர். இத்தனை ஆண்டுகளில் நான் பேசிய பேச்சிலேயே நல்ல பேச்சு இதுதான் என்று நினைக்கிறேன். என்னைக் கசப்பன் என்றவர்கள் படித்து வாயடைத்துப்போக வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. ஆனால் அண்ணன் பெயர் கீழே இருந்தால், இது பேச்சாக இருக்காது. "ஆமாம், அந்தக் கை அவளுடையதுதான்" என்ற சாட்சிக் கையெழுத்தாகிவிடும். அவள் சொன்னதைப் பாதி நம்பிய மேலாளர் மீதியை நம்ப மாட்டான்.

புதிதாக ஒரு கணக்குத் தொடங்கியிருக்கிறேன். அதில் படமில்லை, ஊரில்லை, நண்பர் ஒருவருமில்லை. பெயர் போடாமல் இதை வெளியிடுகிறேன்.