சிக்னே மறக்கக்கூடியவள் அல்ல

உங்கள் காவல் நிலையத்துக் காபி நன்றாகவே இருக்கிறது. நூலகத்தின் கீழ்த்தளத்தில் நாங்கள் குடிப்பது வெறும் கழுநீர். மாய்கென் வீட்டிலிருந்து சுட்டுக்கொண்டு வரும் இலவங்கப்பட்டை ரொட்டி இல்லாவிட்டால் அது தொண்டையில் இறங்காது. நீங்கள் நிதானமாகவே கேளுங்கள். எனக்காக வீட்டில் காத்திருப்பவர் யாரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் வாசிப்பு வட்டம் கூடும். ஓய்வு பெற்ற ஆறு பேர் சேர்ந்து பழைய துன்பியல் நாடகங்களைப் படிக்கிறோம். நான் ஆயுள் முழுக்க மேல்நிலைப் பள்ளியில் இதைத்தான் பாடம் நடத்தினேன். ஆனால் வட்டத்தில் ஆசிரியர் என்று எவரும் கிடையாது, உங்களுக்குத் தெரிந்ததுதான். நடத்துபவர், அதாவது இதுவரை நான், நாற்காலி போட்டுப் பேச்சைத் தொடங்கி வைக்கலாம், அவ்வளவே. மற்றபடி என் கருத்தும் மருந்துக்கடையில் வேலை பார்த்த மாய்கெனின் கருத்தும் ஒரே எடை. அது எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு பாத்திரத்தை எப்படி ஆராய்வது என்று அவர்களுக்குச் சொல்லிப் பார்த்தேன். அவன் என்ன பேசுகிறான் என்பதை விட்டுவிடுங்கள், அவனால் எதைச் செய்யவே முடியாது என்று பாருங்கள் என்றேன். கடைந்தெடுத்த கஞ்சன் நான்காம் அங்கத்தில் பிச்சை போட்டால் அந்தக் காசுக்குப் பின்னால் வேறொருவர் கை இருக்கிறது. இந்த முறை என்னை ஒருபோதும் ஏமாற்றியதில்லை.

ஆர்விட் எங்களோடு சேர்ந்தது போன இலையுதிர் காலத்தில், அவர் மனைவி சிக்னே இறந்த பிறகு. மனிதர் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று மாய்கென்தான் இழுத்து வந்தாள். அவர் துறைமுகத்துக்குள் கப்பல்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தவர். சிக்னே என் பள்ளிக்கூடத் தோழி. அவர்களுக்கு ஒரே பிள்ளை, எஸ்கில். நான்கு வயதில் போய்விட்டான். தீவில் இருக்கும் கோடை வீட்டில், ஆகஸ்ட் மாத நண்டு விருந்தின்போது, பெரியவர்கள் பாடிக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருக்கையில் படகுத்துறைப் பக்கம் நடந்துபோய்த் தண்ணீரில் விழுந்துவிட்டான். துறைக்குப் போகும் சிறு கதவில் கொக்கி போட்டிருக்கவில்லை. யாரும் கேட்பதற்கு முன்பே சிக்னே சொன்னாள், நான்தான் மறந்துவிட்டேன் என்று. ஆர்விட் அவளை மன்னித்தார். அவர் மன்னித்ததை ஊரே மெச்சியது. மன்னிப்புக்குக் கீழே நாற்பது வருடம் குனிந்து நடந்தவளை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

மார்ச்சில் நாங்கள் எடுத்துக்கொண்ட நாடகத்தில் ஒரு கோட்டைத் தளபதி வருகிறான். இரவில் கோட்டைக் கதவைத் திறந்து வைத்ததாகத் தம்பியைத் தூக்கில் போட்டுவிடுகிறான். கடைசி அங்கத்தில் கிழட்டு வேலைக்காரன் வந்து, குடிபோதையில் திறந்தது நீதான் என்கிறான்.

"அந்தக் கிழவன் வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்திருக்கலாம்," என்றார் ஆர்விட். "கெடந்திருந்தா எல்லாரும் பட்டாணி சூப்பக் குடிச்சிட்டு நிம்மதியா தூங்கியிருப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். உண்மை வெளியே வராமல் துன்பியல் இல்லை, நாடகத்தின் கருவே அதுதான் என்றேன்.

"நாடகத்துக்கு வேணும்னா சரி, டீச்சரம்மா. மனுஷனுக்கு என்னத்துக்கு? கதவு தொறந்து கெடந்துச்சு. யாரு தொறந்தான்னு தோண்டிக்கிட்டே இருந்தா செத்தவன் எந்திரிச்சு வரப்போறானா? என் சிக்னே மறந்துட்டேன்னு சொன்னா. சரி விடுடின்னேன். அதுக்கப்புறம் நாங்க வாழலையா?"

மாய்கென் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு சொன்னாள்: "அடுத்த பருவத்துக்கு ஆர்விட்டே வட்டத்த நடத்தட்டுமே. நீயும் பாவம் குன்வோர், எத்தன நாளைக்குத்தான் ஒண்டியா இழுப்ப?"

எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எனக்கு எரிச்சல் வந்தது, அதை மறைக்கவில்லை. சரி விடுடி என்று சொன்னாராம். என்ன ஒரு பெருந்தன்மை! ஆனால் அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது நான் நினைத்ததெல்லாம் சிக்னேயைத்தான். பேருந்து நிறுத்தம் வரை வந்தவள், அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி ஓடுவாள். பூட்டிய பூட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள். அவளால் கொக்கி போட மறக்கவே முடியாது. ஆர்விட்டோ தொப்பியைத் தேவாலயத்தில் விட்டுவிட்டு, சாவியை முடிவெட்டும் கடையில் தேடுகிற ஆள். கேட்கும் முன்பே குற்றத்தை ஒப்புக்கொள்பவர் இன்னொருவரைக் காப்பாற்றுகிறார், எந்த நாடகத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பல வருடங்களாக எனக்கு இவ்வளவு சுத்தமான ஓர் ஆய்வு அமைந்ததில்லை.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பூக்கள் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சந்தோஷமாகக் காபி போட்டார். அவருடைய நாய் என் காலடியில் படுத்துக்கொண்டது. நான் சுற்றி வளைக்கவில்லை. சிக்னே ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் என்னிடம் சொன்னாள் என்றேன். கொக்கி போடாமல் வந்தது நீங்கள், நீங்கள் உயிரோடு இருக்க வேண்டுமே என்று பழியை அவள் ஏற்றுக்கொண்டாள் என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஞாபகமே இல்லையே. நானா கடைசியா வந்தேன்?"

"நீங்கதான்."

"சொல்லும்போது அழுதாளா?"

அழுதாள் என்றேன்.

"இத்தன வருஷமும் நான் அவள மன்னிச்சிக்கிட்டே இருந்தேனே, குன்வோர்."

டீச்சரம்மா என்று கிண்டல் பண்ணாமல் அவர் என் பெயரைச் சொன்னது அன்றுதான். எனக்குத் திருப்தியாக இருந்தது. கோப்பைகளை நான்தான் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அவர் நாயை மாய்கெனிடம் கொண்டுபோய் விட்டிருக்கிறார். "இன்னைக்கு ஒரு நாள் வெச்சுக்கோ, ரொட்டி போட்டுக் கெடுத்துராத," என்று சொன்னாராம். நான் வழக்கம்போல் கரையோரம் நடந்துகொண்டிருந்தேன். அவர் பனிக்கட்டி மேல் இறங்கித் தீவைப் பார்த்து நடந்தார். ஏப்ரல் மாதத்துக் கடல் பனி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மீன்பிடிக்கிறவர்கள்கூட அதில் கால் வைப்பதை நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பனியை அவரைவிட நன்றாக அறிந்தவர் இந்தக் கரையில் யாருமில்லை. அவர் திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

ஆமாம், கைபேசி என் சட்டைப் பையில்தான் இருந்தது. கூப்பிட்டிருந்தால் குரலும் கேட்டிருக்கும். மேடையில் ஏறி நடிகரின் கையைப் பிடித்து நிறுத்துவது பார்ப்பவர் வேலை அல்ல என்று நின்றுவிட்டேன். பனி உடைந்தபோது பெரிதாகச் சத்தம் எதுவும் வரவில்லை. பிறகு மாய்கென் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் விடாமல், வரிசை மாறாமல் சொன்னேன். அவள் கத்திய கத்தலில் பாதி அவள் காதில் விழுந்திருக்காது.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மாய்கென் உங்களிடம் சொன்னது சரி. மூளையில் ரத்தம் கசிந்த நாளிலிருந்து சாகும்வரை சிக்னேயால் ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன்பு, நன்றாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் கதவைப் பற்றி ஒரே ஒரு முறை நானாகக் கேட்டேன். "நாந்தான்டி மறந்துட்டேன், இன்னும் எத்தன தடவ சொல்லணும்?" என்றாள்.

அவள் அப்படித்தான் சொல்வாள், அவளுடைய பாத்திரம் அது. ஆர்விட்டிடம் நான் பொய் சொன்னேன் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் அது தவறான வாசிப்பு. கடைசி நாட்களில் சிக்னேயால் பேச முடிந்திருந்தால், நான் சொன்னதைத்தான் அவளும் சொல்லியிருப்பாள்.