பதினாலு வீட்டுச் சம்மதம்

இல்லைப் பிள்ளை, கதவைப் பூட்டினது குளிருக்குத்தான். இரும் மிருணாளினி. அந்தத் தாள், பப்பியே எல்லாத்தையும் மேசையிலை வையும். வக்கீல் அவொக்கா மூண்டு மணிக்குத்தானே வரச்சொன்னவர்? ஸ்டாலின்கிராட் மெற்றோ கிட்டத்தான், நடந்தே போகலாம்.

உம்மடை அம்மா எனக்குக் கூடப்பிறக்காத அக்கா. பதினெட்டு வருசமா ஒரே கட்டிடம். அவ நாலாம் மாடி, நான் ரெண்டாம் மாடி. இந்தச் சாந்தன் சாரதாக்காவுக்குக் கெடுதல் நினைப்பனே?

கேளும். ஒரு பெரிய கொம்பனி. தாங்கள் விடுற புகைக்கு ஈடா, பாரிசுக்குள்ளையே எங்கையாவது புகையைக் குறைச்சுக் காட்டவேணுமாம். அதுக்குத்தான் எங்கடை மாதிரி வாடகை குறைஞ்ச அஷெலெம் கட்டிடங்களைத் தேடிப் பிடிக்கினம். பழைய காஸ் ஹீற்றரைக் கழட்டிப்போட்டு, கரண்டிலை ஓடுற புதுசு பூட்டுவினம். முழுச்செலவும் அவை. ஆனா பதினாலு வீடும் சம்மதிக்கவேணும். ஒரு வீடு மாட்டனெண்டாலும் வேறை கட்டிடத்துக்குப் போயிடுவினம். பிரெஞ்சு தெரியாத ஆக்களுக்கு நான்தான் வீடு வீடாப் போய் விளங்கப்படுத்தினனான். நாகேஸ்வரி வீட்டிலை சுவரெல்லாம் பூஞ்சணம், அவவின்ரை சின்னனுக்கு முட்டு இழுப்பு. இப்ப போய்ப் பாரும், சுவர் காய்ஞ்சு கிடக்கு. அது நல்லதில்லையே?

ஓம், தெரியும். அம்மா வீட்டுப் புது ஹீற்றர் மட்டும் நிண்டு போச்சு. வெள்ளிக்கிழமை, மைனஸ் ஆறு. எனக்கு ரெண்டு தரம் ஃபோன் எடுத்தவ. நான் ரூ பெர்தொனேத் தெருவிலை, ரெஸ்ரோறன்ற் குசினியிலை நிண்டனான். கொம்பனிக்காரருக்கு ஃபோன் அடிச்சுச் சொன்னனான். திங்கள் வாறமெண்டவங்கள். சனி, ஞாயிறு நான் ஏறிப் பாத்திருக்கலாம். ரெண்டு மாடிதான். ஏறேல்லை. அவவின்ரை முகத்திலை முழிக்க ஏலாமல் இருந்தது. திங்கள் கதவை உடைச்சுத்தான் அவவின்ரை உடம்பை எடுத்தது.

அந்தச் சம்மதத் தாளை ஏன் எடுக்கிறீர்? வையும் பிள்ளை. வழக்கெண்டு போனா கொம்பனியும் அதைத்தான் தூக்கிக் காட்டும், மனிசி விரும்பித்தானே கையெழுத்து வைச்சவ எண்டு.

அவ வைக்கேல்லை.

மூண்டு தரம் வாசலிலேயே வைச்சு மாட்டனெண்டு திருப்பி அனுப்பினவ. பழசு தனக்குக் காணுமாம். நாலாந்தரம் நான் கதவைத் தட்டேல்லை. படியிலை குந்தியிருந்து அவவின்ரை கையெழுத்தை நானே வைச்சனான். ஹீற்றர் கழட்ட வந்தவங்கள் அந்தத் தாளைத்தான் அவவுக்கு நீட்டினவங்கள். நானும் பக்கத்திலை நிண்டனான். அவ தாளைப் பாத்தா, என்னைப் பாத்தா. விலத்தி வழி விட்டா.