கரண்ட் போடாத தண்ணீர்

பாலாநகரில் பஸ் ஏறியதிலிருந்து என் முன் சீட்டில் இருவர் தமிழில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நரைத்த என்ஜினீயர். மற்றவர் அவருடைய ஃபேக்டரியில், போர்வெல் தண்ணீரிலிருந்து மின்சாரத்தால் உப்பைப் பிரிக்கும் மெஷினின் ஆபரேட்டர். நான் நிமிர்ந்து பார்த்தது இதைக் கேட்டுத்தான்:

“ஒரு வாரமா மெஷினுக்கு கரண்ட்டே போடலையா நீ?”

“இல்ல சார். போடாட்டியும் தண்ணி வருதே.”

“தண்ணி வரும்யா. அதைத் தள்ளுறது பம்பு. உப்பை இழுக்கறது அந்த கரண்ட்தான். எத்தனை தடவ சொல்றது?”

“ஹவ் சார்,” என்று அந்த ஊர்ப் பேச்சில் ஆமோதித்தார் ஆபரேட்டர். “சொன்னீங்க. கரண்ட்டை மிச்சம் பிடின்னும் நீங்கதான் சொன்னீங்க.”

“ஆபீஸ் ஃபேனைச் சொன்னேன்யா, மெஷினையா சொன்னேன்? பாய்லர் உள்ள பூரா உப்பு படிஞ்சு கெடக்கு. கேன்டீன்லயும் அதே தண்ணிதான். குடிச்சவன் ஒருத்தனுக்குமா நாக்கு இல்ல?”

மூசாப்பேட்டை சிக்னலில் பஸ் நின்றது. ஆபரேட்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, நிதானமாகச் சொன்னார்:

“வியாழக்கிழமை விசிட்டர்ஸ் முன்னாடி ஒரு டம்ளர் குடிச்சுட்டு, எளநி மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே சார்.”