கையெழுத்துக்கு ஒரு துண்டு கசகசா ரொட்டி

…இந்த லேப்புல பாத்ரூம் கதவ இவ்ளோ தொறந்து வெச்சுட்டு, வெளிய ஒரு பொண்ணு காதத் தீட்டிக்கிட்டு நின்னா, எந்தப் பொம்பளைக்கு ஒன்னுக்கு வரும் கண்ணு? நீயே சொல்லு! காலைல இருந்து தண்ணியாக் குடிச்சு வயிறு தொட்டி மாதிரி கெடக்கு. உள்ள போனா ஒரு சொட்டு… ம்ஹூம். கொழாய வேற அடைச்சு வெச்சிருக்காங்க. டாய்லெட் தண்ணியில நீலச் சாயம்! எதுக்குங்குற? அதுலேர்ந்து மொண்டு கப்புல ஊத்திருவோமாம். யாரு? இந்த மில்லி ஹுடாக்! ஞாயித்துக்கெழம பூசையில காணிக்கைத் தட்டு ஏந்துறவ நான்!

உக்காரு, நல்லா சாஞ்சு உக்காரு. கொழந்த தூங்குற அழகப் பாரேன்… நீ டெஸ்ட்டுக்கு வரலியா? தம்பியக் கூட்டிட்டு வந்தியா? அதான பாத்தேன், மூஞ்சில ஒரு கவலையும் காணோமேன்னு. இந்தா, ஒரு துண்டு எடுத்துக்க. நானே சுட்டது, கசகசா ரொட்டி. அட, கூச்சப்படாத! கசகசாவ அரைச்சு, பால்லயும் தேன்லயும் காய்ச்சி, மாவே தெரியாத அளவுக்கு அப்பிச் சுருட்டணும். சில பொம்பளைங்க சுடுறாளுங்களே, வெட்டிப் பாத்தா பூரா ரொட்டி, நடுவுல கண்ணுக்கு மை தீட்டுன மாதிரி ஒரு கோடு. அதுக்குப் பேரு கசகசா ரொட்டியா? தாத்தா காலத்துல ஸ்லோவாக்கியாலேர்ந்து அமெரிக்கா வந்த எங்க சனத்துக்கே அவமானம்.

என்ன சொல்லிட்டிருந்தேன்… ஆங், சட்டம். சர்க்கார் உதவிப் பணம் வாங்குறவங்க எல்லாரும் போதை மருந்து டெஸ்ட்டு குடுத்தாகணும்னு சட்டம் போட்டாங்கல்ல, அது ஏன் வந்துச்சு தெரியுமா? டார்லீனால. யாரா? என் நாத்தனாருதான்! வேல கெடையாது வெட்டி கெடையாது, ஆனா நகத்துல மட்டும் வாரத்துக்கு ஒரு கலரு. சந்தேகமா? சந்தேகமே இல்ல கண்ணு! பகல் பன்னெண்டு மணிக்கு நைட்டியோட வந்து கதவத் தொறப்பா, கண்ணு ரெண்டும் சொக்கிப் போயிருக்கும். நம்ம வரிப் பணத்துல நல்லா ஏத்திக்கிட்டுக் கெடக்கான்னு எனக்குத் தெரியாதா? இவள ஒரு கப்புல புடிச்சுக் காட்டச் சொன்னா குட்டு ஒடஞ்சிரும்னு அப்பவே நெனச்சேன்.

அந்த நேரம் பாத்து எங்க தொகுதி எம்.எல்.ஏ. இந்தச் சட்டத்துக்கு ஆள் சேத்துட்டிருந்தாரு. ஃபெட்டர்ஹாஃப்னு, காது பெருசா இருக்குமே, அவருதான். நான் சும்மா இருப்பேனா? தவக்காலத்துல எங்க கோயில்ல வெள்ளிக்கெழமையானா மீன் வறுத்துப் போடுவாங்க, ஊரே வரும். வாசல்லயே மேசயப் போட்டேன். இந்தப் பக்கம் மனு, அந்தப் பக்கம் ரொட்டி. கையெழுத்துப் போட்டா ஒரு துண்டு சும்மா! சாமியாரே மொத ஆளாப் போட்டுட்டு ரெண்டு துண்டு எடுத்துக்கிட்டாரு. நல்லவங்களுக்கு இதுல என்ன பயம், ஒளிக்கிறதுக்கு ஒன்னுமில்லாதவன் கப்பக் கண்டு ஏன் ஓடணும்னு தொண்ட கிழியக் கத்தினேன். பேப்பர்ல போட்டோகூட வந்துச்சு. நான், எம்.எல்.ஏ., ரொட்டி.

இன்னொன்னு எடுத்துக்க. ஓரத்துண்டு வேணாம், நடுத்துண்டு எடு, அதுலதான் கசகசா கெட்டியா இருக்கும். புடிச்சிருக்கா? புடிக்கும்!

அப்புறம் என்ன… நான் வேல பாத்த சட்டை தைக்கிற கம்பெனிய மூடிட்டான். எங்க வீட்டு மனுசன் டெக்ஸாஸுக்கு எண்ணெக் கெணறு தோண்டப் போறேன்னு போனாரு, அங்கயே தோண்டிக்கிட்டிருக்காரு போல. இருக்குறது நானும் எம் பொண்ணு ரூத்தியும். வேற வழியில்லாம நானும் போயி மனுப் போட்டேன். டெஸ்ட்டுன்னாங்க. எனக்கென்ன வந்துச்சு? பீரக்கூட மோந்து பாக்காதவ. ராணி மாதிரி உள்ள போயி, ரொம்ப ரொம்பக் குடுத்துட்டு வந்தேன். ரிசல்ட்டு வருது… அபினாம்! எங்கிட்ட! அபினு!

எனக்குத் தல சுத்திருச்சு. அந்த லேப் பொண்ணு இருக்காளே, மூக்குல வளையம் போட்டவ, அவ சாவகாசமாக் கேக்குறா, ‘அம்மா, கசகசா ஏதும் சாப்டீங்களா? அது அபின் செடியோட வெததான்’னு. எப்பிடி இருக்கும் எனக்கு? எங்க சனம் கிறிஸ்மஸ்ஸுக்கும் ஈஸ்டருக்கும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் தின்னுட்டுத்தான் இருக்கு, எவனாவது தெருவுல விழுந்து கெடந்தானா? சரி, சாமியாருக்குக்கூட ஒரு தடவ… அது வைன், அத விடு.

டார்லீனா? அத ஏன் கேக்குற! பாஸு! பளிங்கு மாதிரி சுத்தமாம்! ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரில தர தொடைக்குறாளாம், அதான் பகல்ல கண்ணு சொக்குதாம். இப்பத்தான் சொல்றா! நகத்துக்கு அவ மக பெயின்ட் அடிச்சு விடுறாளாம். எல்லாத்தையும் விடு, அவ எப்பிடித் தப்பிச்சாங்குற? அவ பொறந்ததுலேர்ந்து வால்நட் ரொட்டிக் கட்சி! கசகசா பல்லுல மாட்டிக்குமாம் மகாராணிக்கு!

அதான் மறு டெஸ்ட்டு கேட்டு வாங்கியிருக்கேன். லேப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொன்னா, வரதுக்கு முன்னாடி ஒரு வாரம் கசகசாவ தொடாதீங்கன்னு. எனக்கு வந்துச்சு பாரு கோவம்! ரொட்டி மேல பழி போடுறியான்னு, நேத்து ஒரு முழு ரொட்டி தின்னேன். முழுசு! அப்பவும் டெஸ்ட்டு சுத்தமா வந்துச்சுன்னா அவ மூஞ்சிய எங்க கொண்டு வெச்சுக்குவா? மிச்சத்த சாட்சிக்குக் கையோட கொண்டாந்துட்டேன், நீ தின்னுக்கிட்டிருக்கியே, அதான்.

என்ன?… சுத்தமா வரலன்னாவா?

வரலன்னா… ஒரு வருசத்துக்கு ஒரு காசு கெடையாது. அதுவும் நாந்தான் மனுவுல சேக்கச் சொன்னேன். ஆறு மாசம்னு இருந்துச்சு, டார்லீனுக்கு அது பத்தாதுன்னு… சிரிக்காத கண்ணு. நேத்து கோவத்துல இதெல்லாம் தோணல. குளிருக்கு வீட்டச் சூடேத்துற எண்ணெ டாங்குல அடி தெரியுது. ரூத்தி கோட்டுப் போட்டுக்கிட்டுத்தான் படிக்கிறா. பயமா இருக்கு, போதுமா? ரொம்பப் பயமா இருக்கு.

ஐயோ, கூப்புடுறா. ‘மில்லி ஹுடாக்’. வரேம்மா, வரேன்! ஒரு நிமிசம், இன்னும் முட்டல!

கண்ணு… இங்க கிட்ட வா. நான் ஒளிக்கிறவ இல்ல, ஒனக்கே தெரியும். ஒரே ஒரு ஒதவி. கப்பு எங்கிட்டதான் இருக்கு. அந்த மூலைல இருக்குற பாத்ரூம்ல யாரும் காவலுக்கு நிக்கல. நீ சட்டுனு போயி… ஆமா, ஆமா, கொஞ்சம் போதும். சூடு ஆறாம கொண்டாந்துரு, கப்புல சூடு பாக்க ஒரு பட்ட ஒட்டியிருக்கானுங்க, படுபாவிங்க. நீ பச்சத் தண்ணி மாதிரி சுத்தமானவ, ஒனக்கு என்ன நஷ்ட…

அடக் கடவுளே! நீயும் ரெண்டு துண்டு தின்னுட்டியே! அதுவும் நடுத்துண்டு!

இரு. இரு, இரு. இந்தக் கொழந்த… பாட்டில் பாலுதான குடிக்குது? கசகசா ஒன்னும் குடுக்கலியே? டயப்பர் நனஞ்சிருக்கா, தொட்டுப் பாரு… ஏய், எங்க ஓடுற? கண்ணு! தம்பிய விட்டுட்டுப் போறியே! சரி போ, போறதுன்னா அந்த டயப்பர மட்டும் குடுத்துட்டுப் போ!