செவ்வாய்க்கிழமைப் போண்டா

எனக்குப் போண்டா என்றால் உயிர், ஐயா. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

எழுபத்தெட்டில் போடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தேன். நான் பார்த்த முதல் சாவு, தேவாரம் ஊர்க் கிழவி ஒருத்தி. என் கையைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தாள். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. கூடப் படித்த ஜெயபாக்கியம்தான் வழி சொன்னாள்.

"யாரு என்னைக்கு டிக்கெட் வாங்குவாகன்னு முன்னாடியே சொல்லிப்புடு செல்லக்கனி. அப்புறம் அழுகை வராது. சரியாச் சொன்னா ரெண்டு போண்டா."

சத்தியமாக, அழுகை நின்றது. ஆறு பேருக்கு நாள் சொன்னேன், ஆறும் பலித்தது. கூடப் படித்த பிள்ளைகள் என்னைக் குட்டி எமன் என்று கூப்பிட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

ஏழாவது ஆள் ராசிங்காபுரத்து வீரணன். மலையில் ஏலக்காய்த் தோட்டம் உள்ளவர். பக்கவாதம். விழுங்க முடியாது, மூக்கில் குழாய். செவ்வாய்க்கிழமை என்றேன். அவர் சம்சாரம் ராமுத்தாய் தோட்டத்து மண்ணை முந்தியில் முடிந்து வந்திருந்தாள். உயிர் மண்ணாசையில் இழுத்துக்கொண்டு கிடந்தால், அந்த மண்ணைக் கரைத்து வாயில் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்த மனிதர் கண் விழித்து அவள் விரலைப் பிடித்தார். பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர். ராமுத்தாய்க்குத் தலைகால் புரியவில்லை.

"மண்ணு வேணாம் ஆத்தா. அவரே தோட்டத்துக்கு நடந்து வந்துருவாரு. வெரசா போயி வெந்நி கொண்டாறேன்."

"மண்ண இங்கன வச்சிட்டுப் போங்கம்மா. நான் வெளிய போட்டுர்றேன்."

அவர் பிழைத்தால் என் வாக்குப் பொய்யாகும். வாக்குப் பொய்யானால் தேவாரத்துக் கிழவி மறுபடி வந்து என் கையைப் பிடிப்பாள். மறுபடி சோறு இறங்காது. என் நிலைமையையும் கொஞ்சம் பாருங்கள், ஐயா.

தம்ளரில் கரைத்தேன். ஒரு சொட்டுச் சிந்தாமல் வாயில் ஊற்றினேன். இருமினார், திணறினார். கையைத் தேடினார், கொடுத்தேன். வாயைச் சுத்தமாகத் துடைத்தும் விட்டேன். வெந்நீரோடு வந்த ராமுத்தாய், "தோட்டம் கூப்புட்டுருச்சு ஆத்தா" என்று என் தோளில் விழுந்து அழுதாள்.

எனக்கு அழுகை வரவில்லை. போண்டா சூடாக இருந்தது.

இந்த எட்டு வருஷத்தில் பதினோரு பேர் என்று வழக்கில் எழுதியிருக்கிறீர்கள். பதினாலு என்று திருத்துங்கள். மற்ற நர்சுகளைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை நோயாளிகள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார்கள் என்று. என் வார்டில் நான் ஒருவரையும் திடீரென்று சாக விட்டதில்லை, ஐயா.